கடைமடையிலிருந்து கிராஞ்சி வரை

நாள் 1: தேக்கா

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். சில வருடம் வராமலே போகும். கடைமடைக்காரி என்று சொன்னால் டெல்டாவில் யாருக்கும் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். வரும் பருவத்தில் வேளாண் புவியியல் தாள் என் பொறுப்புக்கு வருகிறது. அதன் முதல் அலகுக்கு "இயல்பும் எல்லையும்" என்று தலைப்பு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பத்து மதிப்பெண் வாங்கி, அடுத்த நாளே மறந்துவிடும் அலகு அது.

பொங்கலை ஒட்டி ஒரு வாரம் சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று வகுப்பில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அங்க வயலே இல்லையே மேடம், நம்ம பாடத்துக்கு அங்க என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. இந்தக் குறிப்புகளை அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

திருச்சியில் இரவு விமானம் ஏறி விடியும்போது சாங்கியில் இறங்கினேன். அங்கிருந்து தம்பி வீடு இருக்கும் யீஷூன் வரை சாலையின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்து நிற்கின்றன. அவ்வளவு பச்சையில் ஒரு வயல் கூடக் கண்ணில் படவில்லை. பெட்டியை வைத்துவிட்டுக் குளித்ததும், "அக்கா, கொஞ்சம் தூங்கேன்" என்றான் தம்பி. சந்தை மத்தியானத்துக்குள் ஓய்ந்துவிடுமே என்று அவனையும் இழுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன்.

தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தை. மீன் ஒரு பக்கம், ஆட்டிறைச்சி ஒரு பக்கம், நடுவில் காய்கறி. ஒரு கடையில் நின்று ஒவ்வொரு கூடையையும் காட்டி, "இது எங்கேருந்து வருதுண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார். நான் நோட்டை எடுத்ததும் அவரும் ஆர்வமாகிவிட்டார். சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் நம் ஊர். தக்காளியும் முட்டைக்கோஸும் மலேசியாவின் கேமரன் மலை. வெண்டை, கறிவேப்பிலை, வாழை இலை எல்லாம் சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலம் ஜோகூர்ப் பக்கம். கேரட்டில் ஒரு கூடை சீனா, இன்னொரு கூடை ஆஸ்திரேலியா. "தௌகே மட்டும் நம்ம சிங்கப்பூர்க்கா" என்று முளைப்பயறைத் தொட்டுக் காட்டினார்.

அந்தக் கடையை விட்டு எனக்கு நகர மனமில்லை. வாடிப்போகிற இலையும் கீரையும் பக்கத்திலிருந்து வந்திருந்தன. முளைத்த ஒரே நாளில் நிறம் மாறும் தௌகே ஊருக்குள்ளிருந்தே வந்திருந்தது. மாதக்கணக்கில் தாங்கும் வெங்காயம் கடல் கடந்து வந்திருந்தது. வான் தூனன் 1826-இல் எழுதியதும் இதைத்தான். ஜெர்மனியின் வடக்கே மெக்லென்பர்கில் தெல்லோ என்ற பண்ணையைத் தானே நடத்தி, வரவு செலவுக் கணக்கெல்லாம் வைத்துப் பார்த்தவர் அவர். நடுவில் ஒரே ஒரு நகரம், சுற்றிலும் ஒரே தரத்து மண் என்று வைத்துக்கொண்டால் எந்தப் பயிர் எங்கே வரும் என்று கேட்டார். நகரத்தை ஒட்டிப் பாலும் காய்கறியும், அதற்கடுத்து விறகுக்காடு, அப்புறம் தானியம், கடைசி வளையத்தில் மேய்ச்சல். விறகு ஏன் இரண்டாவது வளையத்தில் என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். கேஸ் அடுப்பில் வளர்ந்த பிள்ளைகள். தினமும் வேண்டும், வண்டி நிறைய ஏற்றினாலும் விலை குறைவு, அதனால் தூரம் தாங்காது என்று சொன்னால்தான் புரியும்.

சந்தையை விட்டு வெளியே வந்தால் எதிரில் பஃபலோ சாலை. கொஞ்சம் தள்ளிக் கெர்பாவ் சாலை. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பக்கத்து வட்டாரத்துக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக்கொட்டில், என்று பெயர். பிரசவ மருத்துவமனையின் பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோச்சோர் ஆற்றோரத்துப் புல்லையும் தண்ணீரையும் நம்பி இங்கே மாடு வளர்த்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற கால்நடை வியாபாரியின் பெயரில் இப்போதும் ஒரு சாலை இருக்கிறது. மாட்டுத் தொழில் நம் ஆட்களை இங்கே இழுத்தது. தேக்கா என்ற சொல்லே ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் மூங்கிலடி என்று பொருள் தருவது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் நகரத்துக்கு இவ்வளவு அருகில் மாடு நின்றால்தான் பால் கெடாமல் போய்ச் சேரும். வான் தூனனின் முதல் வளையம் இந்தச் சிராங்கூன் சாலையில் சாணி வாசனையோடு இருந்திருக்கிறது.

நாள் 2: சூ காங்

தம்பி இன்று விடுப்பு எடுத்துக்கொண்டான். அவன் மகளுக்கு உயர்நிலை மூன்றில் புவியியலும் ஒரு பாடம். "நானும் வரேன் அத்தை" என்று முன்னிருக்கையில் ஏறிவிட்டாள். வடமேற்கே கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் கார் போகப் போக அடுக்குமாடிகள் விலகி, சாலை குறுகி, ஓரத்தில் இடுகாடுகள் வந்தன. நாட்டின் பெரிய இடுகாடுகள் இருப்பதும் இங்கேதான். நகரம் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாததையெல்லாம் ஓரத்தில் கொண்டுவந்து வைக்கும். பண்ணைகளையும் அப்படித்தான் வைத்திருக்கிறது.

ஊர்ப் பெயர்களைச் சொல்லியே ஆக வேண்டும். லிம் சூ காங், சுவா சூ காங், யியோ சூ காங். இவை கம்பீர் காலத்தின் மிச்சம். கம்பீர் என்பது நாம் வெற்றிலையோடு போடும் காசுக்கட்டிக்கு உறவான பொருள். இலையைக் கொதிக்க வைத்து வற்றக் காய்ச்சினால் கிடைக்கும். தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் ஐரோப்பாவில் இதற்குக் கிராக்கி. 1819-இல் ராஃபிள்ஸ் வந்து இறங்குவதற்கு முன்பே இந்தத் தீவில் சீனர்களின் கம்பீர்த் தோட்டங்கள் இருந்தன. ஆற்றில் படகேறி உள்ளே போய், காட்டை வெட்டி, கரையில் குடியிருப்பு போட்டார்கள். அதுதான் சூ காங். முன்னால் நிற்கும் லிம், சுவா, யியோ எல்லாம் குடும்பப் பெயர்கள்.

கம்பீரோடு கூடவே மிளகும் வைப்பார்கள். காய்ச்சியெடுத்த கம்பீர் இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு உரமாகும். அழகான ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் காய்ச்சுவதற்கு விறகு வேண்டுமே, தோட்டத்தைச் சுற்றி இருந்த காடு அதிலேயே போயிற்று. பதினைந்து, இருபது வருடத்தில் மண்ணும் ஓய்ந்துவிடும். அடுத்த காட்டுக்கு நகர வேண்டியதுதான். 1840-களில் தோட்டக்காரர்கள் ஜலசந்தியைக் கடந்து ஜோகூருக்குப் போகத் தொடங்கினார்கள். மருமகள் கேட்டாள்: "இவ்ளோ மழை பெய்யுதே அத்தை, மண்ணு ஏன் இப்படி?" மழைதான் காரணம் என்றேன். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை சத்தையெல்லாம் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும், மேலே இரும்புச் சிவப்பும் புளிப்பும்தான் தங்கும். நம் டெல்டாவில் ஆறு வண்டலைக் கொண்டுவந்து போட்டது. இங்கே அப்படிப் போட ஆறும் கிடையாது, அதற்குப் பின்னால் மலையும் கிடையாது.

தம்பியின் நண்பர் ஒருவர் இங்கே ஒரு கீரைப் பண்ணையில் மின்சாரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். பட்டுக்கோட்டைக்காரர். காலணிக்கு உறை, தலைக்கு வலை எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். கூரை வரை தட்டுகள், ஒவ்வொரு தட்டின் தலைக்கு மேலும் ஊதா விளக்கு, மண்ணே இல்லாமல் தண்ணீரில் வேர் விட்டுக் கீரை. பாக் சாய், லெட்யூஸ், துளசி மாதிரி ஏதோ ஒன்று. வெளியே ஜனவரி மழை அடித்துக்கொண்டிருந்தது. கீரைக்கு அது தெரியவே இல்லை. "உங்களுக்கு மேட்டூர் எப்படியோ, எங்களுக்குக் கரண்ட்டு பில்லு அப்படிக்கா" என்றார் அவர். எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன், அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு எதுவும் தெளிவாகச் சொன்னதில்லை. மழை, மண், வெயில் மூன்றையும் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தினாலும் இடம் என்ற கேள்வி போய்விடுவதில்லை. மின்கட்டணம், குத்தகைக் காலம், கூலி, பக்கத்தில் வாங்க ஆள் என்று அது வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. கடந்த சில வருடங்களில் இப்படிப்பட்ட உள்ளரங்குப் பண்ணைகள் பல மூடப்பட்டன. மலேசியக் கீரையின் விலைக்கு இவர்களால் இறங்க முடியவில்லை.

2030-க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019-இல் அரசு அறிவித்தது. 2025 நவம்பரில் அதை மாற்றிவிட்டார்கள். காய்கறி, முளைப்பயறு, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 சதவீதம், முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 சதவீதம், காலக்கெடு 2035 என்று புதிய இலக்கு வந்திருக்கிறது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பயிர் இந்த இடத்தில் நிற்கும், எது நிற்காது என்று கண்டுபிடிக்கச் சில வருடம் பிடித்திருக்கிறது. நிற்பதற்குச் சாட்சி முட்டை. நாட்டில் மூன்றே முட்டைப் பண்ணைகள், ஊர் சாப்பிடும் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றிலிருந்து வருகிறது. கோழிக்கு அடுக்குமாடி வாழ்க்கை ஒத்துவருகிறது போலும். பண்ணைக்குள் விடமாட்டார்கள், பறவைக் காய்ச்சல் பயம். வெளிவேலியோடு திரும்பினோம்.

ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. இந்தப் பக்கத்தில் இருந்த 62 பண்ணைகளின் நிலம் பாதுகாப்புத் துறைக்குத் தேவைப்படுகிறது என்று 2014-இல் சொன்னார்கள். குத்தகை முடிய முடிய ஒவ்வொன்றாகப் போயிற்று. சிங்கப்பூர் மொத்தமே 735 சதுர கிலோமீட்டர், எங்கள் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதில் அறுபது லட்சம் பேருக்கு வீடு வேண்டும், விமானத்தளம் வேண்டும், நீர்த்தேக்கம் வேண்டும். நியாயம் புரிகிறது. இருந்தாலும் இருபது வருடக் குத்தகையில் யார் ஒரு மாமரம் வைப்பார்கள்?

திரும்பும் வழியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாட்டுப்பண்ணையில் நிறுத்தினோம். பொங்கலுக்குக் கறந்த பால் வேண்டும் என்று தம்பி மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். கொட்டிலில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு வாசல் வாசனை. "மேய விட இடமேதும்மா, உலர்தீவனம் கப்பல்ல வருது" என்றார் பெரியவர். பாலுக்குப் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தோம்.

நாள் 3: மழை

காலையிலிருந்து விடாத மழை. எங்கேயும் போகவில்லை.

நேற்று இரவு மருமகள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தூங்கப் போனாள். அந்தக் கீரைப் பண்ணையை எந்த வகையில் சேர்ப்பது என்று. விட்டில்சி என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1936-இல் உலகத்து வேளாண்மையை 13 வகையாகப் பிரித்தார். பிரிக்க ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டார். பயிரும் கால்நடையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, எந்த முறையில் விளைவிக்கிறார்கள், ஆளும் முதலும் எவ்வளவு கொட்டுகிறார்கள், விளைந்தது வீட்டுக்கா விற்பனைக்கா, வீடு, களம், கொட்டில் எப்படி அமைந்திருக்கின்றன. நாடோடி மேய்ச்சலில் தொடங்கித் தோட்டப்பயிர் வரை அவருடைய வரைபடத்தில் எல்லாம் இருக்கும். ஊதா விளக்குக் கீரைக்கு அதில் இடம் கிடையாது. பதின்மூன்றையும் பாராயணம் செய்யச் சொல்வதை இந்தப் பருவத்தோடு விட்டுவிடப்போகிறேன். அந்த ஐந்து கேள்விகளைக் கையில் கொடுத்து, நீ பார்த்த ஒரு பண்ணையிடம் போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினால் போதும்.

நம் திணை மரபும் இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனதுதான். ஒரு நிலத்துக்குக் கருப்பொருள் சொல்லும்போது உணவு, மா, மரம், புள் என்று அடுக்கி, அங்குள்ளவர் செய்யும் தொழிலையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். குறிஞ்சியில் தினையும் முல்லையில் வரகும் மருதத்தில் நெல்லும் என்று படிக்கும்போது அதில் உயரம், மழை, நீர்ப்பாசனம் மூன்றும் தாமாக வந்துவிடுகின்றன. எங்கள் அப்பத்தாவுக்குப் புவியியல் தெரியாது. ஆனால் நன்செய், புன்செய், வானம் பார்த்த பூமி, தலைமடை, கடைமடை என்று ஐந்து சொல்லில் ஒரு தாலுகாவையே வரைந்து காட்டுவார்.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டதும் கீழே புளோக்கை ஒட்டிய சமூகத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு சீனப் பாட்டி பாகற்பந்தலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முருங்கை, கற்பூரவல்லி, மஞ்சள் செடி. அது யாரோ நம் ஆள் வைத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் பாத்திகளைக் கட்டணத்துக்குக் கொடுக்கிறது என்று தம்பி சொன்னான். அதற்கும் போட்டியாம்.

நாள் 4: பூமலை

தாவரவியல் பூங்காவை இங்கே தமிழில் பூமலை என்கிறார்கள். என்ன அழகான பெயர். 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. எல்லோரும் ஆர்க்கிட் பார்க்கப் போனார்கள். நான் ரப்பர் மரத்தைப் பார்க்கப் போனேன்.

பிரேசிலிலிருந்து விதை எடுத்து, லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1877-இல் 22 நாற்றுகள் இங்கே வந்து சேர்ந்தன. பதினோரு வருடம் கழித்து ஹென்றி ரிட்லி இந்தத் தோட்டத்தின் இயக்குநராக வந்தார். மரத்தைக் கொன்றுவிடாமல் பட்டையை மீன்முள் வடிவில் கீறி, அதே கீறலைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கலாம் என்று காட்டியவர் அவர்தான். சட்டைப் பையில் விதையோடு தோட்டக்காரர்களைத் துரத்துவாராம். கிறுக்கு ரிட்லி என்று பெயர் வைத்தார்கள். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, மலாயா முழுக்க ரப்பர் ஆயிற்று.

இதில் நான் வகுப்பில் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. ரப்பரின் தாய்மண் பிரேசில். ஆனால் அங்கே வரிசையாக நட்டுத் தோட்டம் போட்டால் இலைக்கருகல் நோய் வந்து அழித்துவிடும். காட்டில் மரத்துக்கு மரம் தூரம் இருந்ததால்தான் அது பிழைத்திருந்தது. நோயை விட்டுவிட்டு மரம் மட்டும் கடல் தாண்டியதால் இங்கே செழித்தது. ஜாதிக்காய்க்கு நேர்மாறான கதி. ஆர்ச்சர்ட் சாலை என்ற பெயரே அங்கே இருந்த ஜாதிக்காய், பழத் தோட்டங்களால் வந்தது. 1850-களில் நோய் பிடித்து, சில வருடங்களில் எல்லாம் பட்டுப்போயின. இப்போது அங்கே கண்ணாடி மாளிகைகள்.

ஒரு ரப்பர் மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தாத்தாவின் அண்ணன், எங்கள் வீட்டில் பெரிய தாத்தா என்போம், கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவது வரவில்லை. அவரை எது அனுப்பியது? நெல் கொழிக்கும் டெல்டாவிலிருந்து ஏன் ஆள் கப்பல் ஏற வேண்டும்? நிலம் ஒரு கையில், உழைப்பு இன்னொரு கையில் இருந்ததால். பண்ணையாளுக்கு நெல் விளைந்தாலும் கூலி ஒன்று, விளையாவிட்டாலும் கடன் ஒன்று. பாடப்புத்தகத்தில் "நில உடைமை முறை" என்று ஒரு தலைப்பு இருக்கும், இரண்டு பத்தி இருக்கும். அந்த இரண்டு பத்திக்குள் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் காணாமல் போயிருக்கிறார். மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை இப்படி அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்குள் லட்சக்கணக்கான பேர் போயிருந்தார்கள். ஒரு பயிர் இடம் மாறினால் அதன் பின்னால் மனிதர்களும் இடம் மாறுகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்று தமிழ் ஒலிப்பதற்கு இந்த மரமும் ஒரு காரணம். வேளாண் புவியியலின் எல்லை எது என்று கேட்டால், பெரிய தாத்தாவின் மூன்றாவது கடிதம் வரை அதை இழுத்துக்கொண்டு போவேன்.

மரத்தில் பழைய கீறலின் தழும்பு தடித்துப்போயிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

நாள் 5: பாசிர் பாஞ்சாங்

நடுநிசி தாண்டி எழுந்து தம்பியோடு மொத்த வியாபாரச் சந்தைக்குப் போனேன். பகலில் பார்த்த ஒழுங்கான சிங்கப்பூர் இல்லை இது. மலேசிய எண் தாங்கிய லாரிகள் பின்னால் திரும்பி நிற்கின்றன, கூடைகள் இறங்குகின்றன, ஹொக்கியனும் மலாயும் தமிழும் ஒரே சமயத்தில் கூவுகின்றன. கேமரனிலிருந்து ஓர் இரவில் வந்த முட்டைக்கோஸில் இன்னும் மலைக்குளிர் இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் முட்டைக்கோஸ் எப்படி என்றால், 1,500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். நமக்கு ஊட்டி மாதிரி இவர்களுக்குக் கேமரன், ஆனால் நடுவில் ஒரு நாட்டு எல்லை.

அந்த எல்லைதான் இன்றைய பாடம். 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய வருடம் சிங்கப்பூர் வாங்கிய கோழியில் 34 சதவீதம் அங்கிருந்து வந்தது. உக்ரேன் போரால் தீவன விலை ஏறியது, மலேசியாவில் கோழிக்குத் தட்டுப்பாடு வந்தது, இங்கே கோழிச்சோற்றுக் கடைகள் திண்டாடின. மருமகளுக்கு அந்த மாதம் நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த வருடம் ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு 50,000 டன் என்று விலக்குக் கொடுத்தது. பொன்னி அரிசி மூட்டைக்காகச் சிராங்கூன் சாலைக் கடைகளில் அலைந்ததைத் தம்பி மனைவி சொன்னாள். மண்ணும் மழையும் மாறவே இல்லை, டெல்லியில் ஒரு கையெழுத்து, இங்கே ஒரு சமையலறை மாறிவிட்டது.

கூடைகளுக்கு நடுவில் நின்றபோதுதான் இந்த ஊர் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. சிங்கப்பூர் உலகத்தின் கடைமடை. தன் சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேறொருவர் மதகைத் திறந்தால்தான் இதற்கு வரும். எங்களுக்குத் தெரிந்த பயம் இது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா, திறந்தால் கல்லணைக்கு எப்போது வரும், அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று ரேடியோவை ஒட்டிக்கொண்டு கேட்டு வளர்ந்தவள் நான். எங்களுக்கு ஒரே ஆறு. இவர்கள் 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று அடைத்தால் இன்னொன்று. அரிசி இறக்குமதி செய்கிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஈடான அரிசியைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் ஊரில் குதிரில் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பது போல.

அப்புறம் எனக்குள் ஒரு வருத்தமும் வந்தது. இவர்கள் காசு கொடுத்து வெட்டிய வாய்க்கால்களின் மறுமுனையில் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். அரிசித் தடை வந்த நாளில் இங்கே விலை ஏறியது, அங்கே களத்து விலை இறங்கியதா ஏறியதா என்று எத்தனை பேர் கேட்டார்கள்? வரைபடத்தில் அம்புக்குறி எப்போதும் சாப்பிடுகிறவரை நோக்கியே போகிறது. அம்பு புறப்பட்ட இடத்தையும் பார்க்கச் சொல்லித்தர வேண்டும்.

தே, அதாவது தேநீர், குடித்துவிட்டு வீடு திரும்பும்போது விடிந்துவிட்டது.

நாள் 6: பொங்கல்

தேக்காவுக்குப் பக்கத்தில் கேம்பல் லேனில் கரும்புக் கட்டுகள், மஞ்சள் கொத்து, மண்பானை. பந்தலுக்குள் இரண்டு மாடுகளைக் கட்டியிருந்தார்கள். சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் மாடுகளின் வட்டாரமாகவே இருந்த இடத்துக்கு வருடத்தில் சில நாள் மாடு விருந்தாளியாக வருகிறது. நெரிசலில் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

யீஷூன் வீட்டில் மின் அடுப்பில் பொங்கினோம். பொங்கியதும் தம்பி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து சிரித்தார். சாப்பிட்டு முடித்ததும் மருமகள் ஒரு பெரிய தாளை விரித்தாள். நடுவில் சிங்கப்பூரைப் புள்ளியாக வைத்து, உலகப்படத்தைக் கையாலேயே வரைந்திருந்தாள். இலையில் இருந்த ஒவ்வொன்றுக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக் கோடு போட ஆரம்பித்தாள். அரிசிக்கும் வெல்லத்துக்கும் பருப்புக்கும் இந்தியாவிலிருந்து. கரும்புக்கும் வாழை இலைக்கும் மலேசியாவிலிருந்து. முந்திரிக்கு வியட்நாமிலிருந்து. நெய்க்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நீளக் கோடு.

பால் வந்தது லிம் சூ காங்கிலிருந்து. அந்த அளவுப் படத்தில் யீஷூனும் லிம் சூ காங்கும் ஒரே புள்ளிதான், கோடு போட வழியில்லை. அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம். புள்ளியைச் சுற்றிப் பச்சையில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அத்தை, அந்த மாட்டுக்குக் கப்பல்ல தீவனம் வருதுன்னு தாத்தா சொன்னாரே. அதுக்கும் கோடு போடணுமா?"

போடு என்றேன். எந்தத் துறைமுகம் என்று கேட்க அந்தப் பண்ணைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெரியவர் பதில் சொல்லச் சொல்ல, அவள் தாளின் ஓரம் வரைக்கும் போய்விட்டு, இன்னொரு தாள் எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.